மூன்றாவது புத்தகத்தின் மேல் ஒரு கோபம்

2010 ஆகஸ்ட்டில் ‘மாக்கிங்ஜே’ நாவல் வெளியானபோது, அதற்காக ஓராண்டு காத்திருந்த வாசகர்களில் பலர் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டுக் கோபப்பட்டார்கள். சூசன் காலின்ஸ் எழுதிய ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையின் மூன்றாம் நூல் அது. 2008-ல் வந்த முதல் புத்தகத்தையும் அடுத்த ஆண்டு வந்த ‘கேட்சிங் ஃபயர்’ நாவலையும் ஒரே மூச்சில் படித்தவர்களுக்கு மூன்றாவது மட்டும் தொண்டையில் சிக்கியது. கதாநாயகி சோர்ந்து கிடக்கிறாள், முக்கியமான நேரத்தில் மயங்கிவிடுகிறாள், யாரைக் காப்பாற்ற முதல் புத்தகத்தில் புறப்பட்டாளோ அந்தத் தங்கையே செத்துப்போகிறாள், பிறகு எதற்கு இத்தனை பாடு என்றார்கள். இந்தக் கோபத்தை வரவழைக்கவே மூன்றாவது புத்தகம் எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை. இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வட அமெரிக்கா அழிந்த இடத்தில் எழுந்த பனெம் என்ற நாட்டில் கதை நடக்கிறது. செல்வத்தில் புரளும் தலைநகர் கேப்பிட்டல், அதற்கு உழைத்துப்போடும் 12 மாவட்டங்கள். என்றோ நடந்த கலகத்துக்குத் தண்டனையாக, ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் குலுக்கிப்போட்டு அனுப்ப வேண்டும். 24 பேரும் ஒருவரையொருவர் கொன்று, மிஞ்சுகிறவர் வெற்றியாளர். அத்தனையும் தொலைக்காட்சியில் ஓடும். குலுக்கலிலும் ஏழைக்கு ஓரவஞ்சனை உண்டு. கூடுதல் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளும் பிள்ளையின் பெயர் கூடுதலாக எழுதிப் போடப்படும். தங்கை பிரிமின் பெயர் வந்ததும் 16 வயது காட்னிஸ் அவளுக்குப் பதிலாகப் போகிறாள். ஓரிரவு தொலைக்காட்சி அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்றில் இளைஞர்களின் ரியாலிட்டி போட்டியும் இன்னொன்றில் இராக் போரும் ஓட, இரண்டும் கலந்து மங்கியதிலிருந்து கதை பிறந்தது என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். அவருடைய தந்தை விமானப்படை அதிகாரி, வியட்நாம் போருக்குப் போய்வந்தவர்.

முதல் இரண்டு புத்தகங்களின் விறுவிறுப்பு எங்கிருந்து வருகிறது? களத்தில் ஒருவர் சாகும்போதெல்லாம் பீரங்கி முழங்கும். முதல் நாளே 11 பேர் போய்விடுகிறார்கள். மீதி 13 என்று காட்னிஸோடு சேர்ந்து நாமும் எண்ணுகிறோம். அடுத்தது யார் என்று பக்கத்தைப் புரட்டுகிறோம். ரொட்டிக்கடைக்காரர் மகன் பீட்டாவோடு அவள் காதலிப்பதுபோல் நடிப்பது, பார்வையாளர்களில் பணமுள்ளவர்கள் உணவும் மருந்தும் அனுப்புவார்கள் என்பதற்காக. ஆனால் புத்தகத்துக்கு வெளியே இருந்த வாசகர்களும் பீட்டா கட்சி, காட்னிஸின் வேட்டைத் தோழன் கேலின் கட்சி என்று பிரிந்து வழக்காடினார்கள். கேப்பிட்டல்வாசிகள் செய்ததும் இதைத்தான். 2013-ல் இரண்டாம் படம் வந்தபோது ஓர் அழகுசாதன நிறுவனம் கேப்பிட்டலின் பெயரிலேயே ஒப்பனைப் பொருட்களை விற்றது. கிண்டலாகச் செய்தார்களா என்றுகூடச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு முதல் படம் வந்தபோது நடந்தது இதைவிடக் கசப்பானது. ரூ என்ற சிறுமியாகக் கறுப்பினப் பெண் நடித்ததைச் சிலர் குறைசொன்னார்கள். அவளுடைய தோலின் நிறம் கரும்பழுப்பு என்று நாவலே தெளிவாகச் சொல்கிறது. வேண்டிய முகத்தை ஒட்டிக்கொண்டுதான் அந்தச் சிலர் அவளை நினைத்திருந்தார்கள்.

‘மாக்கிங்ஜே’ இந்த வேடிக்கையை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. களம் போய்ப் போர் வருகிறது, எண்ணிக்கை கைக்குள் அடங்குவதில்லை. கலகக்காரர்களின் தலைவி காயினும் காட்னிஸுக்கு ஒப்பனை போட்டு, கேமராவின் முன் நிறுத்தி, பிரசாரப் படம் எடுக்கிறாள். கடைசியில், கேப்பிட்டல் குழந்தைகள் நிற்கும் இடத்தில் சிறிய பாராசூட்கள் இறங்குகின்றன. களத்தில் அதே பாராசூட்களில்தான் ரொட்டியும் மருந்தும் வந்தன. ஆசையாகக் கைநீட்டுகிற குழந்தைகள் சிதறுகிறார்கள். மருத்துவக் குழு ஓடிவந்ததும் மீதி பாராசூட்களும் வெடிக்கின்றன. அந்தக் குழுவில் பிரிம் இருக்கிறாள். கேல் யோசித்துவைத்திருந்த பொறிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. போட்டது கேப்பிட்டலின் அதிபர் ஸ்னோ அல்ல, காயின்தான் என்று நம்பப் போதிய காரணங்களைக் கதை தருகிறது. பிறகு காயின், கேப்பிட்டல் குழந்தைகளை வைத்து இன்னும் ஒரே ஒரு முறை போட்டி நடத்தலாமா என்று வாக்கெடுக்கிறாள். நம் மனத்தின் ஒரு மூலையும் அந்த வாக்கெடுப்பில் கை தூக்குகிறது. ‘சரி’ என்று சொல்லிவிட்டு வந்த காட்னிஸ், ஸ்னோவுக்கு வைத்த அம்பைக் காயின் மேல் விடுகிறாள். அவள் சொன்ன ‘சரி’ உண்மையா தந்திரமா என்ற சண்டை வாசகர்களிடையே இன்னும் ஓயவில்லை.

கருத்து இருக்கட்டும், எழுத்து சரியில்லையே என்று கேட்பார்கள். ஒரு பகுதி உண்மைதான். காட்னிஸ் மேல் நடக்கும் விசாரணை அவளும் நாமும் இல்லாத இடத்திலேயே முடிந்துவிடுகிறது. மூன்று புத்தகமாகக் கூட வந்த கேலை வேறு மாவட்டத்தில் ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பிவிட்டது அவசரக் கைவேலை. ஆனால் அவளோடு போரிடும் தோழன் ஃபின்னிக்கின் சாவு சில வரிகளில் கடந்துபோவதைக் குறை என்று ஏற்க மாட்டேன், போரில் ஓடிக்கொண்டிருப்பவளுக்கு நின்று அழ நேரம் ஏது? மயக்கம் பற்றிய புகாரும் அப்படித்தான். முதல் புத்தகத்தில் குளவி கொட்டி அவள் நாள்கணக்கில் நினைவிழந்து கிடந்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை.

சிறுவர்களுக்கு இவ்வளவு இருட்டு ஆகாது என்பது இன்னொரு வாதம். நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி அதிகம் எதிர்ப்பு வந்த நூல்கள் என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் 2010, 2011 இரண்டு ஆண்டும் ‘ஹங்கர் கேம்ஸ்’ இருந்தது. ஆனால் வன்முறையைக் கண்டு அஞ்சுகிறவர்கள் முதலில் வரவேற்க வேண்டியது மூன்றாவது புத்தகத்தைத்தான். கொலைக்குப் பிறகு கைதட்டல் இல்லாதது அதில் மட்டுமே. காட்னிஸுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் கெட்ட கனவுகள் வருகின்றன. அவளுடைய பிள்ளைகள் ஓடியாடும் புல்வெளிக்கு அடியில் ஒரு ஊரே புதைந்திருக்கிறது.

வெற்றியைக் கொண்டாட மறுக்கும் கதை என்றால், 2014-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தாய்லாந்து இளைஞர்களும், 2021-ல் மியான்மர் மக்களும் இதிலிருந்த மூவிரல் வணக்கத்தைத் தெருவில் உயர்த்தியது எப்படி என்று கேட்கலாம். அந்தச் சைகை நாவலில் வெற்றிச் சின்னமாகப் பிறக்கவில்லை. காட்னிஸின் 12-ஆம் மாவட்டத்தில் அரிதாக, சாவு வீட்டில் காட்டும் பழைய வழக்கம் அது. நன்றி, மரியாதை, அன்புக்குரியவருக்கு விடை என்று பொருள். களத்தில் கொல்லப்பட்ட ரூவுக்காகக் காட்னிஸ் கேமராவின் முன் அதைச் செய்கிறாள். 2014 நவம்பரில் ‘மாக்கிங்ஜே’ படத்தின் முதல் பாகம் வந்தபோது பாங்காக்கில் சில திரையரங்குகள் காட்சிகளை ரத்து செய்தன. மூன்று விரல் காட்டிய மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.