காத்மாண்டுவின் நிலத்தடி நீர்: பழைய ஏரி வகுத்த எல்லை

காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் தண்ணீர் எங்கே ஊறும், எங்கே ஊறாது என்பது என்றோ வற்றிப்போன ஓர் ஏரியின் காலத்திலேயே தீர்மானமாகிவிட்டது. வடக்கே சிவபுரி மலையின் கிரானைட், நைஸ் பாறைகள் சிதைந்து வந்த மணலையும் சரளையையும் ஆறுகள் அடிவாரத்திலேயே இறக்கிவிட்டன. நுண்ணிய சேறு மட்டும் ஏரியின் நடுவரை போய் அசையாத நீரில் படிந்தது. நிலவியலாளர்கள் காலிமாட்டி என்று அழைக்கும் அந்தக் கருங்களிமண் சில இடங்களில் 200 மீட்டருக்கும் மேல் கனம் கொண்டது. வடக்கின் அபிரகம் மின்னும் மணலில் ஊற்றிய தண்ணீர் சட்டென உள்ளே இறங்கும்; களிமண்ணில் குட்டையாகத் தேங்கி நிற்கும். ஆகவே இங்கே ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி தருவதும் மறுப்பதும் மனையின் பட்டாவை வைத்தல்ல, அதன் அடியிலுள்ள மண்ணை வைத்தே நடக்க வேண்டும்.

களிமண்ணுக்குக் கீழேயும் நீர் உண்டு. ஆனால் மேலே பெய்யும் மழை அதை அநேகமாக எட்டுவதே இல்லை. ஐசோடோப் ஆய்வுகள் அந்த ஆழ்நீரின் வயதை லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கணித்திருக்கின்றன. அதை இறைப்பது வட்டியை அல்ல, முதலையே செலவழிப்பது. ஏரிச் சேற்றில் காற்றில்லாமல் மக்கிய தாவரங்களால் அந்த நீரில் மீத்தேனும் அம்மோனியாவும் இரும்பும் மிகுதி, சில இடங்களில் ஆர்சனிக்கும் உண்டு. இறைத்தபோது தெளிவாக இருந்த நீர் குடத்தில் வைத்தபின் செம்பழுப்பாக மாறினால் அது இரும்பு, கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆர்சனிக் தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. பரிசோதனைக்கூடத்தில்தான் அறிய முடியும். ஆழமில்லாத கிணறுகளுக்கோ கழிவுநீர்க் கிருமிகளே பெரிய ஆபத்து.

'என் நிலத்து நீர் என்னுடையது' என்பார்கள். ஆனால் நேபாளத்தின் 1992 நீர்வளச் சட்டப்படி நீர்வளம் அரசுக்குரியது. சொந்த வீட்டுத் தேவைக்கு உரிமம் வேண்டாம். குடிநீருக்கே முதல் முன்னுரிமை. 2015 அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு சுத்தமான குடிநீரைக் குடிமக்களின் உரிமையாக்குகிறது. ஒருவர் இறைக்கும் நீர் பல கிலோமீட்டர் தள்ளியுள்ள வடக்கு மணலில் இறங்கியதாக இருக்கலாம் என்னும்போது, சட்டத்தின் இந்த நிலைப்பாடே மண்ணின் இயல்புக்கும் பொருந்துகிறது. பள்ளத்தாக்குக்கு வெளியேயுள்ள மேலம்சி ஆற்றின் நீர் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதே. 2021 மார்ச்சில் வந்த அந்த நீரை ஜூன் மாத வெள்ளம் நிறுத்திவிட்டது. மலையைக் குடைந்து வரும் ஒற்றைச் சுரங்கத்தை நம்பும் ஊருக்கு உள்ளூர் நீரே காப்பு.

வீட்டுக்கு வீடு மழைநீர்ச் செறிவூட்டல் கிணறு தோண்டினால் போதும் என்பதையும் அப்படியே ஏற்க முடியாது. வடக்கில் அது ஆழ்நீரை வளர்க்கும். களிமண் பகுதியில் மேலடுக்குக் கிணறுகளுக்கு மட்டுமே உதவும், அதுவும் கூரை நீரை வடிகட்டி விட்டால்தான். தெருநீரை விட்டால் கிணறு கெடும். அங்கே கூரை நீரைத் தொட்டியில் பிடித்துவைப்பதே மேல். பக்கத்தில் வணிக நிறுவனம் ஆழ்துளை போட்டால் அதற்கு உரிமம் உண்டா, எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்ற பதிவு எங்கே என்று பள்ளத்தாக்கின் குடிநீர் மேலாண்மை வாரியத்திடம் எழுத்தில் கேளுங்கள். வடக்கு மணற்பரப்பில் புது மனைப்பிரிவு வரும்போது, எவ்வளவு நிலம் சிமென்ட் பூசாமல் விடப்படும் என்று நகராட்சியிடமும் இதே விதமாகக் கேட்கலாம்.