தீவுச் சுற்றுலாவும் ஸ்கூபா முக்குளிப்பும்

ஸ்கூபா டைவிங் எனப்படும் ஸ்கூபா முக்குளிப்பு என்பது, மூச்சுவிடத் தேவையான காற்றை உருளையில் அடைத்து முதுகில் சுமந்துகொண்டு நீருக்கடியில் நீந்தும் முறையாகும். தெளிந்த நீரும் பவளப்பாறைகளும் உள்ள வெப்பமண்டலத் தீவுகளில் இது முக்கியமான விடுமுறைப் பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. இந்தியாவில் அந்தமான், இலட்சத்தீவு ஆகியவையும், அண்டை நாடுகளில் மாலத்தீவு, இலங்கையின் திருகோணமலை ஆகியவையும் இதற்குப் பெயர்பெற்றவை. கடலுக்குள் செலவிடும் நேரத்தைப் போலவே, கரையேறிய பின் விமானம் ஏறுவதற்கு அல்லது மலைப்பகுதிக்குச் செல்வதற்கு முன் விடும் இடைவெளியும் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. முதன்முறை செல்வோர் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

வரலாறு

கடலுக்கடியில் செல்வது தமிழகக் கடற்கரைக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்போரும் சங்குக்குளிப்போரும் பல நூற்றாண்டுகளாக மூச்சை அடக்கிக்கொண்டு, கல்லின் எடையால் கீழிறங்கி, கயிற்றின் துணையுடன் மேலேறி வந்தனர். ஒரே மூச்சில் முடிய வேண்டிய வேலை என்பதால் அவர்கள் அடியில் இருக்கும் நேரம் மிகக் குறைவு.

1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஜாக் கூஸ்தோ, எமில் காக்னான் ஆகிய இருவரும், மூச்சை இழுக்கும்போது மட்டும் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்பக் காற்றை வழங்கும் சீராக்கியை உருவாக்கினர். இது 'அக்வா லங்' எனப்பட்டது. இதன் பிறகு நீருக்கடியில் நெடுநேரம் இருப்பது எளிதாயிற்று. மூச்சடக்கிக் குளிப்போரிடம் அரிதாகவே காணப்பட்ட ஓர் ஆபத்தும் இதனுடன் சேர்ந்து வந்தது.

அழுத்தமும் காற்றும்

கடல் மட்டத்தில் நம் உடல்மீது வளிமண்டலம் செலுத்தும் அழுத்தம் 1 வளிமண்டல அழுத்தம் ஆகும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் மேலும் 1 வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. எனவே 10 மீட்டரில் அழுத்தம் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4 என ஆகிறது. இதனால் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன.

முதலாவது, காற்று விரைவாகத் தீர்கிறது. மேற்பரப்பில் நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றைப் பயன்படுத்துபவருக்கு 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் தேவைப்படும். 11 லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்றை நிரப்பினால் சுமார் 2,200 லிட்டர் கிடைக்கும். அவசரத் தேவைக்கென 50 பார், அதாவது 550 லிட்டர் ஒதுக்கினால் எஞ்சுவது 1,650 லிட்டர். 20 மீட்டர் ஆழத்தில் இது ஏறத்தாழ 27 நிமிடங்களுக்கே போதும்.

இரண்டாவது, மேலேறும்போது நுரையீரலில் உள்ள காற்று விரிகிறது. பாயில் விதியின்படி, 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது காற்றின் கனஅளவு இருமடங்காகும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழியக்கூடும். 'ஒருபோதும் மூச்சை அடக்காதே' என்பது ஸ்கூபா பயிற்சியின் முதல் பாடமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, நைட்ரசன் உடலில் கரைகிறது. காற்றில் சுமார் 78 விழுக்காடு நைட்ரசன் உள்ளது. உடல் இதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் ஹென்றி விதியின்படி, அழுத்தம் கூடும்போது வாயு திரவத்தில் கூடுதலாகக் கரையும். எனவே ஆழமும் நேரமும் கூடக்கூட இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரசன் சேர்ந்துகொண்டே போகும்.

அழுத்தநீக்க நோய்

சோடா பாட்டிலை மெல்லத் திறந்தால் வாயு சிறிது சிறிதாக வெளியேறும். சட்டெனத் திறந்தால் நுரை பொங்கும். உடலில் கரைந்த நைட்ரசனும் இவ்வாறே நடந்துகொள்கிறது. மெதுவாக மேலேறினால் அது இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து மூச்சுடன் வெளியேறிவிடும். அழுத்தம் விரைவாகக் குறைந்தால் திசுக்களிலும் இரத்தத்திலும் குமிழிகள் உருவாகும். இதுவே அழுத்தநீக்க நோய் ஆகும்.

19ஆம் நூற்றாண்டில் ஆற்றுப் பாலங்களின் அடித்தளம் அமைக்க, அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய அறைகளில் வேலை செய்த தொழிலாளர்களிடம் இந்நோய் பரவலாகக் காணப்பட்டது. நைட்ரசன் குமிழிகளே இதற்குக் காரணம் என்பதை 1878இல் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் பால் பேர் விளக்கினார். 1908இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் பிரித்தானியக் கடற்படைக்காக, படிப்படியாக மேலேறுவதற்கான அட்டவணைகளை வெளியிட்டார். இன்று கையில் கட்டிக்கொள்ளும் டைவ் கம்ப்யூட்டர் கருவிகளுக்கும் அக்கணக்கீட்டு முறையே அடிப்படை.

மூட்டுவலி, தோலில் அரிப்பு அல்லது திட்டுகள், மிகுந்த சோர்வு, கைகால் மரத்துப்போதல், தலைச்சுற்றல், தசை வலுவிழத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். கடுமையான நிலையில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுப் பக்கவாதம் ஏற்படலாம். பெரும்பாலும் கரையேறிய சில மணி நேரத்திற்குள் அறிகுறிகள் தோன்றும். உருளையைத் தூக்கியதால் வந்த வலி, படகுப் பயணத்தின் களைப்பு என்று பலர் இவற்றைப் பொருட்படுத்தாமல் விடுவதால் சிகிச்சை தாமதமாகிறது.

முதலுதவி தூய ஆக்சிசன் கொடுப்பதாகும். முழுச் சிகிச்சைக்கு உயரழுத்த அறை தேவை. நோயாளியை அந்த அறையில் வைத்து, பொதுவாக 18 மீட்டர் ஆழத்திற்கு இணையான அழுத்தத்தை ஏற்படுத்தி, ஆக்சிசனைச் சுவாசிக்கச் செய்து, சில மணி நேரத்தில் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைப்பர்.

தீவுகளின் தனி நிலை

உயரழுத்த அறை எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. சிறு தீவுகளில் பெரும்பாலும் இல்லை. அந்தமானில் முக்குளிப்பு மிகுதியாக நடைபெறும் சுவராஜ் தீவு, 2018 வரை ஹேவ்லாக் என்று அழைக்கப்பட்டது. அங்கிருந்து, 2024 வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்துக்குக் கப்பலில்தான் பெரும்பாலோர் செல்கின்றனர். கடல் கொந்தளிப்பாக இருந்தால் அந்தப் பயணமும் தடைபடும். இலட்சத்தீவிலும் மாலத்தீவிலும் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குச் செல்லப் படகையோ வானூர்தியையோ நம்ப வேண்டியுள்ளது.

எனவே தொலைதூரத் தீவில், நகரத்தை ஒட்டிய கடலில் காட்டும் எச்சரிக்கையைவிடக் கூடுதலான எச்சரிக்கை வேண்டும். முன்பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது: படகில் ஆக்சிசன் உள்ளதா? அருகிலுள்ள உயரழுத்த அறை எங்கே? அங்கு செல்ல எவ்வளவு நேரமாகும்? பயணக் காப்பீட்டில் முக்குளிப்பு விபத்துகள் சேர்க்கப்பட்டுள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

விமானப் பயணமும் மலைப்பயணமும்

பயணிகள் விமானத்தின் உள்ளே கடல் மட்ட அழுத்தம் இருப்பதில்லை. அங்குள்ள அழுத்தம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருக்கும் அழுத்தத்திற்கு ஒப்பானது. 2,400 மீட்டர் என்றால், கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால்பங்கு குறைவு. உடலில் நைட்ரசன் இன்னும் மிகுதியாக இருக்கும்போது விமானம் ஏறினால், தரையில் இருந்தவரை தொல்லை தராத வாயு குமிழிகளாகலாம்.

முக்குளிப்போர் பாதுகாப்புக்கான 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' அமைப்பு கூட்டிய 2002ஆம் ஆண்டுப் பயிலரங்கின் பரிந்துரைகள் இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. அவற்றின்படி:

- ஒரே ஒருமுறை முக்குளித்திருந்தால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.
- ஒரே நாளில் பலமுறை அல்லது தொடர்ந்து பல நாள்கள் முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் வேண்டும்.
- மேலேறும்போது கட்டாய நிறுத்தங்கள் தேவைப்பட்ட முக்குளிப்புகளுக்கு 18 மணி நேரத்தைவிட மிகக் கூடுதலான இடைவெளி வேண்டும்.

இப்பரிந்துரைகள் சுமார் 600 முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்திற்கு உரியவை. விமானமா மலையா என்பதை உடல் அறியாது. அழுத்தம் குறைவதே கணக்கு. தமிழகத்தில் இதற்கு எளிய எடுத்துக்காட்டு சவ்வாது மலை. புதுச்சேரிக் கடலிலும் ஸ்கூபா முக்குளிப்பு நடைபெறுகிறது. காலையில் அங்கு இருமுறை முக்குளித்தவர் காரில் புறப்பட்டுத் திருவண்ணாமலை வழியாக அன்று மாலையே சவ்வாது மலையை அடைந்துவிடலாம். வானியல் ஆய்வகம் அமைந்துள்ள காவலூர் சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு அழுத்தம் கடல் மட்டத்தைவிட 8 விழுக்காடு அளவுக்குக் குறைவு. விமானத்துடன் ஒப்பிட்டால் சிறிய வேறுபாடுதான். ஆயினும் பரிந்துரை வரம்பான 600 மீட்டரை அது தாண்டிவிடுகிறது. 2,000 மீட்டருக்கு மேலுள்ள கொடைக்கானல், உதகமண்டலம் ஆகியவற்றுக்கு அன்றே செல்வது விமானம் ஏறுவதற்கு ஏறக்குறைய ஒப்பாகும். திருகோணமலையில் முக்குளித்துவிட்டு நுவரெலியாவுக்குச் செல்வோருக்கும் இது பொருந்தும். கடலை முதலில் வைத்து மலையை அடுத்து வைக்கும் பயணத்தில் நடுவே ஒரு நாள் விட வேண்டும்; மலையை முதலில் முடித்துக்கொண்டால் இச்சிக்கலே எழாது.

பயணத்தைத் திட்டமிடல்

சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஐந்து நாள் பயணம் செல்பவர் கீழ்க்கண்டவாறு திட்டமிடலாம்.

முதல் நாள்: விமானத்தில் ஸ்ரீ விஜயபுரம் சென்று, கப்பலில் சுவராஜ் தீவை அடைதல். போதிய நீர் அருந்தி, நன்கு உறங்குதல்.

இரண்டாம், மூன்றாம் நாள்கள்: முக்குளிப்பு. அன்றைய முக்குளிப்புகளில் ஆழமானதை முதலில் வைத்துக்கொள்வது வழக்கம்.

நான்காம் நாள்: முக்குளிப்பு இல்லை. கடற்கரையில் பொழுதைக் கழிக்கலாம்; மேற்பரப்பில் மிதந்தபடி பவளப்பாறைகளைக் காணலாம்; ஸ்ரீ விஜயபுரத்துக்குத் திரும்பலாம். கப்பல் பயணம் கடல் மட்டத்திலேயே நடைபெறுவதால் அதற்குக் காத்திருப்பு தேவையில்லை.

ஐந்தாம் நாள்: விமானத்தில் ஊர் திரும்புதல்.

கடைசி நாள் காலையில் 'இன்னும் ஒருமுறை' முக்குளித்துவிட்டு அன்று பிற்பகல் விமானத்தைப் பிடிப்பது தவிர்க்கப்பட வேண்டியதாகும். முன்பதிவு செய்த விமானத்தை மாற்றுவது செலவு மிக்கது. எனவே இந்த இடைவெளியைப் பயணச்சீட்டு வாங்கும்போதே ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

யார் முக்குளிக்கலாம்

பயிற்சி பெறாதோரும் பயிற்றுநருடன் அதிகபட்சம் 12 மீட்டர் வரை அறிமுக முக்குளிப்பில் ஈடுபடலாம். அறிமுக முக்குளிப்பு குறைந்த ஆழத்தில் நடப்பினும், அதன் பின்னரும் விமான இடைவெளியைக் கடைப்பிடிக்க வேண்டும். தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றோர் 18 மீட்டர் வரையும், மேல்நிலைச் சான்றிதழ் பெற்றோர் 30 மீட்டர் வரையும் செல்லலாம். பொழுதுபோக்கு முக்குளிப்பின் பொது வரம்பு 40 மீட்டர்.

இதயநோய், வலிப்பு, ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும். கருவுற்ற பெண்கள் தவிர்க்க வேண்டும். சளி பிடித்திருக்கும்போது காதின் உள் அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாமல் செவிப்பறை பாதிக்கப்படலாம். உடல்நலப் படிவத்தில் உண்மையை மறைத்தால், அதனால் வரும் ஆபத்து படிவத்தை நிரப்பியவருக்கே.

மேலேறும் வேகம் நிமிடத்திற்குச் சுமார் 9 மீட்டருக்கு மேற்படாமல் இருப்பதும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடங்கள் நின்று வருவதும் பரவலான வழக்கங்கள். இவை நோய் வாய்ப்பைக் குறைக்குமே தவிர, முற்றிலும் நீக்குவதில்லை. அறிகுறி ஏதேனும் தோன்றினால் விமானம் ஏறாமல், பயிற்றுநரிடம் உடனே தெரிவித்து மருத்துவ உதவி பெற வேண்டும்.

பவளப்பாறைகளைப் பேணுதல்

பவளம் உயிருள்ள விலங்குக் கூட்டமாகும். துடுப்பு பட்டாலும் கை பட்டாலும் அது சிதையும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாறைப் பவளங்கள் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை எடுத்துவருவது குற்றமாகும். கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமடைந்ததால் அந்தமான் பவளப்பாறைகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளிறின. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.