பாறைமேல் வீடு: எர்த் மட்டும் போதுமா?

போடிமெட்டுச் சரிவில் ஏலத்தோட்டத்து வீடொன்றில் பழைய வயரிங்கை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். சுவரைத் துளையிட, மீட்டர் பலகையிலிருந்து தற்காலிகமாக ஒரு ஒயர் இழுத்திருக்கிறார்கள். துளைக்கருவியின் உலோக உறைக்கு எர்த் கம்பியும் உண்டு. இனி ஆபத்தில்லை என்று நினைக்கிறீர்களா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

மலைச்சரிவில் மண் குறைவு, அடியில் பாறை. பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. எர்த் குழியின் தடை 45 ஓம், மின்மாற்றியின் எர்த் தடை 1 ஓம் என்று கொள்வோம். மின்கம்பி உறையைத் தொட்டுவிட்டால், ஓம் விதிப்படி 230-ஐ 46-ஆல் வகுக்க, 5 ஆம்பியர் ஓடும். 15 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு உருகாது! உறையிலோ 225 வோல்ட் நிற்கும். ஈரமான உடலின் தடை சுமார் 1,000 ஓம் என்றால், உடலில் 225 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும்.

வழி என்ன? போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. வீட்டுக்கானது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும். அவ்வளவு கசிவு 45 ஓம் தடையில் உண்டாக்கும் மின்னழுத்தம் 1.35 வோல்ட்தான். தற்காலிக ஒயரை இதன் வழியாகவே எடுங்கள். வேலை தொடங்குமுன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இரும்புத் தண்ணீர்க் குழாயையும் எர்த் கம்பியோடு பிணைத்துவிடுங்கள். அப்போது உறைக்கும் குழாய்க்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு மிகக் குறையும். இரண்டையும் ஒருங்கே தொட்டாலும் உடலில் பாய்வது சொற்பமே. எர்த் கம்பியைக் கடைசியில் கழற்றுங்கள், முதலில் பூட்டுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். மின்கம்பி, நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் தொடுபவரை ஆர்.சி.சி.பி. காக்காது. மெயினை நிறுத்திய பிறகே பழைய ஒயரில் கைவையுங்கள்.