குழாய் நீரும் கோடைக் கீரையும்

பெங்களூரின் தெற்கில் ஓசூர் நெடுஞ்சாலையை அடுத்துள்ள எலெக்ட்ரானிக் சிட்டி, 1970-களின் பிற்பகுதியில் மின்னணுத் தொழிலுக்கென உருவாக்கப்பட்ட பேட்டையாகும். 2024 கோடையில் இத்தகைய புறப்பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றின. நகருக்கு வரும் காவிரி நீரோ, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திற்கு இறைத்துக் கொணரப்படுவது. ஆகவே அவ்வாண்டு மார்ச்சில், அடுக்ககங்களிலும் தொழிலகங்களிலும் குழாய்களுக்குக் காற்றுக்கலப்பி பொருத்துவதைக் குடிநீர் வாரியம் கட்டாயமாக்கியது.

இச்சிறு கருவி நீரோட்டத்தைக் குறுக்கி, அதனுடன் காற்றைக் கலக்கிறது. கை கழுவக் குறைந்த நீரே போதுமானதாகிறது. வாளி நிரப்பும் குழாயில் இதனாற் பயனில்லை. வாளி கொள்ளும் அளவு மாறுவதில்லையன்றோ? அரிசியும் காய்கறியும் கழுவிய நீரை மாடித் தொட்டிகளுக்கு ஊற்றிவந்தால், முளைக்கீரை ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிக்கத்தக்கதாகும். நெடுந்தொலைவு ஏறிவந்த நீர் இவ்வாறு இருமுறை பயன்படுகிறது.