சிலந்தி வாணிகமும் சட்டமும்

ஆனையிறவுக்குத் தெற்கே மாங்குளத்திற் கண்டெடுக்கப்பட்ட பெருஞ்சிலந்தி ஒன்று, 2012ஆம் ஆண்டில் புதிய இனமென அறிவிக்கப்பட்டது. கால்களை விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரை வரும். முதுமரப் பொந்துகளில் வாழும் போசிலோதீரியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது அது. இவை கடித்தால் கடுநோவும் தசைப்பிடிப்பும் உண்டாகும். ஆயினும், மேனாட்டார் சிலர் இவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கிளிபோல் வளர்க்கின்றனர். விலை கொடுத்தும் வாங்குகின்றனர்.

அவ்விலையை நம்பி நம் இளைஞர் ஒருவர் சிலந்தியைச் சிமிழில் அடைத்து அனுப்ப முனைந்தால் என்னாகும்? "யானைக்கன்றோ சட்டம், சிலந்திக்குமா?" என்பார் உளர். சிலந்திக்கும் உண்டு. வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரமின்றி முதுகெலும்பற்ற உயிர்களையும், அவை இறந்தனவாயினும், ஏற்றுமதி செய்தல் குற்றமாகும். 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் கூறுவது இதுவே. கடித அஞ்சலோ தேனீ, அட்டை, பட்டுப்புழு முதலிய சில உயிர்களையே ஏற்கும்.

வாங்குவோர் நாட்டிலும் வழி எளிதன்று. இலங்கையின் ஐந்து இனங்களை அமெரிக்கா 2018இல் அருகிவரும் உயிர்களின் பட்டியலிற் சேர்த்தது. மறு ஆண்டு, அவ்விரு நாடுகளின் முன்மொழிவின்பேரில், ஜெனீவா மாநாடு இப்பேரினம் முழுவதையும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இட்டது. எனவே, நாட்டெல்லை கடக்கும் ஒவ்வொரு சிலந்திக்கும் ஏற்றுமதி நாட்டின் பத்திரம் வேண்டும். பெட்டியிற் பிறந்த குஞ்சுக்கும் அஃதே விதி. "இது காட்டிற் பிடித்ததன்று" என்னும் வாய்ச்சொல் சுங்க அதிகாரியிடம் எடுபடாது.