டெண்டர் விடாமலே மாநகராட்சி வேலை கொடுக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

வார்டு வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி வரும் கேள்வி இது: "தெருவுல வடிகால் வேலை ஆரம்பிச்சிட்டாங்களே, டெண்டர் எப்போ விட்டாங்க?" சில நேரம், விடவே இல்லை என்பதுதான் பதில். அதை வைத்தே முறைகேடு என்று முடிவு கட்டிவிட முடியாது. சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1998-ல் இயற்றப்பட்ட ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டம் அரசுத் துறைகளோடு உள்ளாட்சி அமைப்புகளையும் கட்டுப்படுத்தும். டெண்டர் அறிவிப்பு இல்லாமல் வேலை கொடுக்கக்கூடிய சூழல்களை அதன் 16-வது பிரிவு சொல்கிறது. ஒரு பொருள் ஒரே நிறுவனத்திடம் மட்டும் கிடைக்கிறது, மாற்று கிடையாது என்றால் டெண்டர் தேவையில்லை. ஏற்கெனவே வாங்கிய இயந்திரத்துக்குப் பொருந்தும் கூடுதல் சப்ளையை அதே நிறுவனத்திடம் வாங்க வேண்டியிருந்தாலும் விலக்கு உண்டு. சிறு தொகை வேலைகளுக்கும் அப்படித்தான். இதனால்தான் பெரிய வேலையைத் துண்டு துண்டாக உடைத்து வரம்புக்குள் கொண்டுவருகிறார்கள் என்ற புகார் ஓயாமல் வருகிறது.

அதிகம் சர்ச்சையாவது இன்னொரு விலக்கு: இயற்கைப் பேரிடர் அல்லது அவசர நிலை.

மழை வந்தாலே அவசரமா?

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, தண்ணீரை இறைக்கும் மோட்டாருக்கு டெண்டர் விட்டுக் காத்திருக்க முடியாது. அதை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு அக்டோபரிலும் வரும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஜூனில் தூர்வார டெண்டர் விடாமல் இருந்துவிட்டு, செப்டம்பர் கடைசியில் "டைம் இல்லை" என்றால் அது பேரிடர் இல்லை, தாமதம். சட்டம் கேட்பது அரசு அறிவித்த பேரிடரை. அதிகாரியின் அவசரம் அந்தக் கணக்கில் வராது.

நிஜமாகவே நேரம் குறைவு என்றால் விதிகளிலேயே நடுவழி உண்டு. ரூ.2 கோடி வரையிலான வேலைக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். மேலதிகாரி காரணத்தை எழுதிவைத்து இதைக் குறைக்கலாம். போட்டியும் இருக்கும், வேலையும் சீக்கிரம் தொடங்கும்.

உச்ச நீதிமன்றம் சொன்னது

மீரட் மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பொது ஏலமோ டெண்டரோதான் வழக்கமான முறை. அதுவும் பரவலாகப் படிக்கப்படும் நாளிதழ்களில் விளம்பரம் செய்து. பேரிடர், ஒரே சப்ளையர், பலமுறை ஏலம் விட்டும் ஆள் வராதது போன்ற அரிதான சூழல்களில் மட்டுமே விலக்கு.

டெண்டர் நடந்தால், முடிவில் அதிருப்தி உள்ள கான்ட்ராக்டர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். டெண்டரே இல்லையென்றால் போட்டியாளரும் இல்லை, மேல்முறையீடு செய்ய ஆளும் இல்லை. மிச்சம் இருப்பது உள்ளாட்சி நிதித் தணிக்கை, நீதிமன்றம், அப்புறம் அந்தத் தெருவில் குடியிருப்பவர்.

அவர் 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ மனு போடலாம். கேட்க வேண்டியவை மூன்று: எந்தப் பிரிவில் விலக்கு தரப்பட்டது, காரணத்தைப் பதிவு செய்த கோப்புக் குறிப்பின் நகல், பணி ஆணையின் தேதி. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பணி ஆணைக்குப் பிந்தைய தேதியில் காரணம் எழுதப்பட்டிருந்தால், அடுத்த மனுவுக்கான கேள்வி அங்கேயே கிடைத்துவிடும்.