இங்கிதம் – 6: பகலில் உறங்குபவர்களின் ஊர்

ஓசூர் ஷிப்ட் கணக்கில் இயங்கும் ஊர். 1971இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் அந்தப் பத்தாண்டிலேயே இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் எனப் பெரிய ஆலைகள் வந்தன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு பட்டறைகளும் பெருகின. 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. ஆலைகள் இப்போது சூளகிரி, போச்சம்பள்ளி என மாவட்டத்தின் உள்பகுதிகளுக்கும் பரவிவிட்டன. காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து ஆகிய நேரங்களை ஒட்டியே பல ஆலைகளில் ஷிப்ட் மாறுகிறது. அதனால் எந்த நேரத்திலும் ஊரில் ஒரு கூட்டம் வேலையில் இருக்கும், ஒரு கூட்டம் தூங்கிக்கொண்டிருக்கும். மற்ற ஊர்களில் பொது இட இங்கிதம் என்றால் வரிசையில் நிற்பது, எச்சில் துப்பாமல் இருப்பது என்று முடிந்துவிடும். இங்கே அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது: பகலில் தூங்குபவரைத் தூங்கவிடுவது.

சட்டம் இதில் பாதி தூரம்தான் வருகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் காலை ஆறு முதல் இரவு பத்து வரை பகல் என்றும், மற்றது இரவு என்றும் பிரிக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரம்பு. தொழிற்பகுதிக்கு இது 75, 70. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தமாகக் கேட்கும். இரவில் குடியிருப்புப் பகுதியில் அவசரம் இல்லாமல் ஹாரன் அடிக்கக் கூடாது. திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவில் தூங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. நைட் ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வீடு திரும்பி, எட்டு மணிக்குப் படுப்பவருக்கு அதே அளவு பாதுகாப்பு இல்லை. அவர் உறங்கும் நேரம் சட்டத்தின் கணக்கில் பகல்.

பகல் தூக்கம் இயல்பிலேயே மெல்லியது. உடம்பின் உள்கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து நடக்கிறது. காலையில் உடல் வெப்பம் ஏறத் தொடங்கும். விழிப்பைத் தரும் சுரப்புகள் கூடும். அந்த நேரத்தில் கண்ணை மூடுபவர் உடம்போடு மல்லுக்கட்டித்தான் தூங்குகிறார். அதனால் நைட் ஷிப்ட்காரர்களின் தூக்கம் இரவுத் தூக்கத்தைவிடக் குறைவாகவும் அடிக்கடி கலைவதாகவும் இருக்கிறது. இரவில் புரண்டு படுத்துக் கடந்துவிடக்கூடிய சின்னச் சத்தம், பகலில் ஆளை எழுப்பிவிடும். கலைந்த தூக்கத்தோடு அன்று இரவே அவர் பிரஸ் முன்னாலோ லேத் முன்னாலோ நிற்க வேண்டும். விரலுக்கு ஆபத்து அங்கேதான்.

மூக்கண்டப்பள்ளி, சின்ன எலசகிரி, பேடரப்பள்ளி போன்ற இடங்களில் தொழிலாளர்கள் பலர் லைன் வீடுகளில் குடியிருக்கிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைகள்; நடுவில் ஒரு சுவர்; முன்னால் பொது நடை; கோடியில் பொதுக் குழாய். அங்கே ஒருவர் பிளாஸ்டிக் குடத்தை நங்கென்று வைத்தால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். ஏழரை மணிக்குக் குக்கர் விசில், எட்டு மணிக்குத் தண்ணீர் மோட்டார், ஒன்பதுக்கு சைலன்சர் மாற்றிய பைக், பத்துக்கு நடையில் துணி துவைக்கும் சத்தம். ஒவ்வொன்றும் நியாயமான வேலைதான். இங்கிதம் என்பது அதை நிறுத்துவதல்ல, கொஞ்சம் தள்ளியோ தணித்தோ செய்வது. பக்கத்து வீட்டு வாசலில் காலை ஒன்பது மணிக்கு சேஃப்டி ஷூ கிடந்தால், உள்ளே ஆள் தூங்குகிறார் என்று கொள்ளலாம். டிவியைக் குறைப்பது, பைக்கைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்வது, பிள்ளைகளை மறுகோடியில் விளையாடச் சொல்வது எல்லாம் செலவில்லாத காரியங்கள். கதவைத் தட்டுவதற்குப் பதிலாகப் போனில் ஒரு மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம்.

தெருவில் வரும் சத்தத்துக்கும் விதி உண்டு. பழைய இரும்பு வாங்குபவரும் பிளாஸ்டிக் சாமான் விற்பவரும் பதிவுசெய்த குரலை ஸ்பீக்கரில் ஓடவிட்டு வருகிறார்கள். பகலானாலும் ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்பதே விதி. கோயில் திருவிழா, கல்யாணம், துக்கம் எதுவானாலும் இது பொருந்தும். வியாபாரிக்கும் பிழைப்பு இருக்கிறது. லைன் வீடுகள் நெருங்கிய சந்துக்குள் நுழையும்போது ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வாயால் கூவினால் இரண்டு தரப்புக்கும் நஷ்டமில்லை.

விடியற்காலையில் ஆளேற்ற வரும் கம்பெனி பஸ் இன்னொரு சிக்கல். ராயக்கோட்டை ரோடு, பாகலூர் ரோடு ஓரங்களில் ஐந்து மணிக்கே ஆட்கள் காத்து நிற்பார்கள். ஒருவர் தாமதமானால் டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிடுகிறார். ஆறு மணிக்கு முன் அடிக்கும் அந்த ஹாரன் விதிப்படியே தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தேவையில்லாத ஹாரனுக்கு முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம் வைத்திருக்கிறது. ஸ்டாப்பில் ஐந்து நிமிடம் முன்னால் நிற்பது பயணியின் கடமை. வராதவருக்குப் போன் அடிப்பது டிரைவருக்கு எளிது. திரும்பும் பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னலில் தலைசாய்த்திருப்பார்கள். அங்கே ஸ்பீக்கரில் வீடியோ பார்ப்பதும், போனில் ஊருக்கே கேட்கப் பேசுவதும் அவர்களின் முதல் அரை மணித் தூக்கத்தைப் பறித்துவிடும்.

எல்லை ஊர் என்பதால் மொழியும் குறுக்கே வருகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் இங்கே நெடுங்காலமாகப் புழங்குபவை. வடமாநிலத் தொழிலாளர்களோடு இந்தி, ஒடியா, வங்காளமும் வந்திருக்கின்றன. தமிழில் மட்டும் எழுதி ஒட்டிய அறிவிப்பு பக்கத்து அறைக்காரருக்குப் புரியாமல் போகலாம். அதைப் புரியாமை என்று எடுத்துக்கொள்ள வேண்டுமே தவிர, திமிர் என்று எடுத்துக்கொள்வது சரியல்ல. தூங்கும் முகமும் கடிகார முள்ளும் வரைந்த ஒரு படம் எல்லா மொழிக்காரருக்கும் போதும். மாதம் ஒருமுறை வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர், யாருக்கு எந்த ஷிப்ட் என்பதைக் கேட்டு மற்றக் குடித்தனக்காரர்களிடம் சொல்லிவைக்கலாம். ஷிப்ட் வாராவாரம் மாறுகிறவர் தானே சொல்லிவிடுவது நல்லது; சொல்லாததை அக்கம்பக்கம் ஊகிக்க முடியாது.

ஒரு நாளில் எட்டு மணி நேரம் சட்டம் இரவென்று காவல் காக்கிறது. மற்றப் பதினாறு மணி நேரத்தில் தூங்கும் தொழிலாளிக்கு அக்கம்பக்கத்தார்தான் துணை. அதை ஓசூரின் ஒவ்வொரு லைன் வீடும் தனக்கான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)